மணம் போன தண்ணீர்

பதினொரு மணித்தியாலமாகக் கீர்த்திகா தண்ணீர் குடிக்கவில்லை.

முதல்நாள் பின்னேரம் ஏழு மணிக்கு நிவேதனா ரவுணிலிருந்து தொலைபேசியில் தண்ணீர்ச் சோதனையின் முடிவைச் சொன்ன பிறகு அவள் ஒரு மிடறுகூட இறக்கவில்லை. குசினி மூலையில் குடம் நிறைந்தபடி இருந்தது. அதன் வாயில் கவிழ்த்த செம்பையும் யாரும் தொடவில்லை. விடிந்ததும் வெக்கை தொடங்கிவிட்டது. சித்திரை மாதம். சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை. படலையடி வேம்பில் ஓர் இலை அசையவில்லை. கீர்த்திகா குசினிப் படியில் அமர்ந்து, ஏழு மாத வயிற்றின் இடப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிள்ளை துடித்தால்தான் கையை எடுப்பாள்.

முன்னர் தங்கிய இரண்டும் நாலாம் மாதத்தைத் தாண்டவில்லை. இது மூன்றாவது.

மாமனார் நமசிவாயம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படலைக்குள் வந்தார். கரியரில் ஒரு குலை இளனி கட்டியிருந்தது. அவர் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் குந்தி, ஒன்றைச் சீவிக் கண்ணைத் திறந்து நீட்டினார்.

“இந்தா பிள்ளை. குடி.”

“வேண்டாம் மாமா.”

“இது மரத்துத் தண்ணியெல்லோ. இதுக்கை ஒருத்தரும் ஒண்டும் கலக்கேல்லை.”

“மரமும் நிலத்துத் தண்ணியைத்தானே மாமா குடிக்குது.”

அவர் கத்தியை நிலத்தில் வைத்தார். இளனியை மட்டும் நீட்டிய கையிலேயே வைத்திருந்தார். சரிந்த இளனியிலிருந்து நீர் அவர் மணிக்கட்டால் வழிந்தது.

“தண்ணி இல்லாமல் கிடந்தால் அதுவும் பிள்ளைக்குக் கூடாது. போன கிழமை கிளினிக்கிலை டொக்டர் அம்மா சொல்லேக்கை நானும் நிண்டனான்.”

அவள் வாங்கினாள். முதல் மிடறை வாயில் வைத்திருந்துவிட்டுத்தான் விழுங்கினாள். பிறகு நிறுத்தாமல் குடித்தாள். நமசிவாயம் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அடுத்ததைச் சீவினார்.

“எங்கை அவன்?”

“விடியமுன்னமே தண்ணித் தாங்கியடிக்குப் போட்டார். ராத்திரி அவர் படுக்கவேயில்லை.”

கீர்த்திகாவின் கணவன் மயூரதன் ஊரின் குடிநீர்ச் சங்கத்தில் வேலை செய்தான். அளவெட்டியிலிருந்து தெல்லிப்பழைக்குப் போகும் பக்கத்தில் அவர்களுடைய ஊர். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் போட்ட உரம் வருடக்கணக்காக ஊறியதால், வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று சுகாதாரப் பரிசோதகர் எழுதி ஒட்டியிருந்தார். சந்தியடிப் பொதுக் கிணறு ஒன்றுதான் மிச்சம். அதுவும் சாடையான உவர். அந்தத் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றிக் குழாய்களில் விடுவது மயூரதனின் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் மாரிவெள்ளம் கிணற்றுக்குள் இறங்கியது. ஊரில் வீட்டுக்கு ஒருவராக நெருப்புக்காய்ச்சல் என்ற தைபோயிட்டில் விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் கிணற்றுக்கு இரும்பு மூடியும் பூட்டும் வந்தன. குளோரின் போடவும் தொடங்கினார்கள். கிணற்றடியில் ஒரு நீலப் பீப்பாய். அதில் கரைத்த குளோரின் சொட்டுச் சொட்டாகத் தாங்கிக்குப் போகும் குழாயில் விழும். மூடிப் பூட்டின் திறப்பு இந்த வீட்டுக் குசினிச் சுவரில் தொங்கியது.

எட்டு மணிக்கு மயூரதன் வந்தான். கையில் சோதனைப் பெட்டி. கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீரில் மாத்திரை போன்ற ஒரு குளிசையைப் போட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரவேண்டும். நிறம் வந்தால் குளோரின் அங்கே வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. வராவிட்டால் வழியிலேயே தீர்ந்துவிட்டது.

“நிறம் வந்துதோப்பா?” என்று கேட்டாள் கீர்த்திகா.

“வந்தும் வராத மாதிரி.” அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். வயிற்றைப் பார்க்கவில்லை.

“எவ்வளவு போட்டனீங்கள்?”

“அதை விடு.”

“சொல்லுங்கோ.”

“முந்திப் போட்டதிலை ரெண்டரை மடங்கு.”

கீர்த்திகா இளனிக் கோம்பையைப் பக்கத்தில் வைத்தாள். “ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“என்னெண்டு சொல்லுறது? மாசியிலையிருந்து நிறம் வரேல்லை. கொஞ்சம் கூட்டினன். ரெண்டு கிழமை வந்துது. திருப்பி இல்லை. திருப்பியும் கூட்டினன். கூட்டாட்டி நெருப்புக்காய்ச்சல் வந்திடும் எண்டு பயம். உனக்கு வந்திடும் எண்டுதான் கூடப் பயம்.” அவன் பெட்டியைத் திறந்து வெறுமையான சோதனைக் குழாய்களை அடுக்கினான். அவை ஏற்கெனவே அடுக்காகத்தான் இருந்தன. “என்ரை கையாலை போட்டதை நீ குடிச்சிருக்கிறாய்.”

நமசிவாயம் சீவிக்கொண்டிருந்த இளனியை நிறுத்தினார்.

“மாசியிலையிருந்தோ?” என்று கேட்டார்.

“ஓம் ஐயா. ஏன்?”

“ஒண்டுமில்லை.” அவர் எழுந்து வளவின் மூலைக்குப் போனார். அங்கே நின்ற நெல்லி மரத்தில் இப்போது அடிமரமும் இரண்டு முண்டுகளும்தான் இருந்தன. மயிர்க்கொட்டிப் புழு பிடித்துவிட்டது என்று தையில் சில கிளைகளைத் தறித்தார். பிறகு மாசியிலும் பங்குனியிலும் தறித்தார். அவர் அந்த மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மாசி மாதத்தைக் கீர்த்திகாவால் மறக்க முடியாது. பிள்ளை தங்கிய நாளிலிருந்து அவளுக்குக் குளோரின் மணம் வயிற்றைப் பிரட்டியது. செம்பை முகத்தருகே கொண்டுபோனாலே சத்தி வரும். தையில் இரண்டு முறை தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் படுத்து சேலைன் ஏற்றினார்கள். நமசிவாயம் கட்டிலடியில் முக்காலியில் அமர்ந்து, போத்தலில் விழும் சொட்டையும் அவளுடைய கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த மறுகிழமை மணம் போய்விட்டது. தண்ணீரில் சின்ன இனிப்புக்கூட இருந்தது. குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்த அயலவள் கேதீஸ்வரி, “மயூரன், என்னடா செய்தனி? தண்ணி தேன் மாதிரிக் கிடக்கு” என்று கேட்டாள். மயூரதன் வெட்கப்பட்டுச் சிரித்தான். கீர்த்திகா அந்தத் தண்ணீரை ஆசையோடு குடித்தாள். செம்பு செம்பாகக் குடித்தாள்.

பத்து மணி பஸ்ஸில் நிவேதனா வந்தாள். கீர்த்திகாவின் சித்தியின் மகள். ரவுணில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. இரண்டு கிழமைக்கு முன் வந்து, ஊர்க் குழாய்களில் மண்ணிறப் போத்தல்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனவள் அவள்தான். போத்தலுக்குள் ஒரு காற்றுக்குமிழிகூட நிற்கக் கூடாது என்று ஒவ்வொன்றையும் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தாள். இப்போது இரண்டு கையிலும் கடைத் தண்ணீர்க் கான்கள்.

“அக்கா, இதைக் குடியுங்கோ. சோறும் இதிலையே வையுங்கோ.”

“என்ரை பிள்ளைக்கு ஏதும் நடந்திடுமோ?”

நிவேதனா கான்களைக் கீழே வைத்தாள். கான்களில் கட்டிய கயிறு அறுத்த சிவப்புக் கோடு விரல்களில் இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

“தண்ணியிலை கண்டது உடனை ஆளை விழுத்திற நஞ்சில்லை அக்கா. கன வருசம் குடிச்சால்தான் பயம். பிள்ளைத்தாச்சியளைப் பற்றிச் சில இடங்களிலை பாத்திருக்கினம். சில இடத்திலை பிள்ளை நிறை குறைவாப் பிறந்திருக்கு எண்டுகினம். சில இடத்திலை ஒண்டும் இல்லை எண்டுகினம்.”

“அப்ப எனக்கு?”

“தெரியாது அக்கா.”

கீர்த்திகா தலையை ஆட்டினாள். ஆம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அழுதிருக்கலாம். இல்லை என்று சொல்லியிருந்தால் குடத்துத் தண்ணீரை உலையில் ஊற்றிச் சமைக்கப் போயிருக்கலாம். அவள் கையை மறுபடி வயிற்றில் வைத்தாள்.

சந்தியடியில் சனம் கூடிவிட்டது. செய்தி எப்படிப் போனதென்று தெரியவில்லை. வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் மண் கையோடு வந்து நின்றார்கள். சங்கத்தின் செயலாளர் சிவரூபன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நின்றார்.

“என்ன தம்பி, உன்ரை பெண்சாதி குடியாத தண்ணியை ஊர் குடிக்க வேணுமோ?” என்று மயூரதனைக் கேட்டார். “காலமை உன்ரை ஐயா இளனிக் குலை கொண்டுபோனதை நான் கண்டனான்.”

நிவேதனா மெல்லிய குரலில் தொடங்கினாள். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. “சத்தமாச் சொல்லு பிள்ளை, ஒருத்தரும் கடிக்க மாட்டினம்” என்றாள் கேதீஸ்வரி. நிவேதனா கழுத்துவரை சிவந்துபோனாள். கண்ணைக் கிணற்று மூடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“குளோரின் கிருமியைக் கொல்லும். அது வேணும். ஆனால் தண்ணிக்குள்ளை இலை, பாசி, மரம் எண்டு ஏதும் ஊறியிருந்தால் குளோரின் அதோடை சேந்து வேறை சாமானா மாறுது. எங்கடை தண்ணியிலை உப்புச் சாடையும் இருக்கு. அதாலை இன்னும் கூட. திரைஹலோமெதேன் எண்டு அதுக்குப் பேர்.”

“பேரைச் சொல்லி முடிக்கிறதுக்கிடையிலை ஆள் முடிஞ்சிடும் போலை” என்றார் சிவரூபன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

“அப்ப குளோரினை நிப்பாட்டுவம்” என்று ஒருவர் சொன்னார். “அப்பன் பாட்டன் குளோரினோ குடிச்சவை?”

“நிப்பாட்டிப் பார்!” கேதீஸ்வரி முன்னால் வந்தாள். “என்ரை பெட்டை நெருப்புக்காய்ச்சலிலை தலைமயிர் கொட்டிக் கிடந்தது உனக்குத் தெரியுமோ? ராத்திரி முழுக்கப் பிசத்தினவள். நிப்பாட்டினால் உன்ரை வீட்டு முத்தத்திலை கொண்டுவந்து கிடத்துவன்.”

“நிப்பாட்டக் கூடாது” என்றாள் நிவேதனா அவசரமாக. “அது இதைவிட மோசம். குளோரினைத் தின்னுற சாமான் தண்ணிக்குள்ளை என்ன எண்டு கண்டுபிடிக்க வேணும். அதை எடுத்திட்டால் கொஞ்சக் குளோரின் காணும். அதுவரைக்கும் குடிக்கிற தண்ணியை மூடாமல் நல்லாக் கொதிக்க வையுங்கோ. அந்தச் சாமான் கனக்க ஆவியோடை போயிடும்.”

“மூடின கிணத்துக்கை என்னத்தையம்மா கண்டுபிடிக்கிறது?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“இறைச்சுத்தான் பாக்கவேணும்.”

“இறைக்க வேண்டாம்.”

நமசிவாயம்தான் சொன்னார். அதுவரை அவர் நின்றதையே யாரும் கவனிக்கவில்லை. மயூரதன் திரும்பிப் பார்த்தான்.

“ஏன் ஐயா?”

“சித்திரையிலை அடி காண இறைச்சால் ஊத்துக் குழம்பிப் போம். பிறகு உவர்தான் ஏறும். மழை வரட்டும்.”

“மழை ஐப்பசிக்கெல்லோ! அதுவரைக்கும் ஊர் என்னத்தைக் குடிக்கிறது?” என்றார் சிவரூபன். பிறகு மயூரதனிடம், “நாளைக்குக் காலமை ரெண்டு மெசின் போடுறம். நீதான் இறங்கிப் பாக்கிறாய். ஒண்டு சொல்லுறன் தம்பி, அடியிலை என்ன கிடந்தாலும் அதுக்கு நீதான் பதில். திறப்பு உன்ரை வீட்டிலைதானே தொங்குது. உனக்குப் பதிலா வேறை ஆளையும் யோசிக்கத்தான் வேணும்” என்றார்.

மத்தியானம் கான் தண்ணீரில் வைத்த சோற்றோடு முருங்கைக்காய்க் கறியும் வாழைக்காய்ப் பொரியலும் இருந்தன. மயூரதன் பிசைந்து பிசைந்து வைத்துக்கொண்டிருந்தான். நமசிவாயம் சோற்றுக் கோப்பையைத் தொடவில்லை.

“ஒரு இலைகூட விழ வழியில்லை, ஐயா. மூடிக்குக் கீழை வலையும் கிடக்கு” என்றான் மயூரதன். “ஆரும் வேணுமெண்டு ஏதும் போட்டிருப்பினமோ?”

“ஆர் போடுவினம்?”

“எனக்கெண்டால் ஒருத்தரோடையும் கோவமில்லை. ஊர்த் தண்ணிக்கை ஒருத்தன் சாமான் போடுறதெண்டால் அவனுக்கு மனமெண்டு ஒண்டு இருக்குமோ?”

நமசிவாயம் எழும்பிக் கை கழுவினார். சாப்பிடாத கையை அவர் நெடுநேரம் கழுவினார்.

மயூரதன் தாங்கியடிக்குப் போனபிறகு கீர்த்திகா அவருக்குச் சோறு கொண்டுபோனாள். அவர் மாட்டுக் கொட்டிலின் நிழலில் கதிரையைப் போட்டு இருந்தார். வெயில் கொட்டில் ஓலையால் புள்ளி புள்ளியாக அவர் முதுகில் விழுந்திருந்தது.

“மாமா, ஏன் கிணத்தை இறைக்க வேண்டாம் எண்டுறியள்?”

“சொன்னனான்தானே. ஊத்து…”

“பங்குனியிலை எங்கடை கிணத்தை நீங்கள்தானே அடி காண இறைச்சனீங்கள்.”

அவர் கோப்பையை வாங்கி மடியில் வைத்தார்.

“பிள்ளை துடிக்குதோ?” என்று கேட்டார்.

“சோறு திண்டாப் பிறகு ஒருக்கா.”

“ஒருக்காத்தானோ?”

“அது நித்திரையா இருக்கும் மாமா.” அவள் அதைத் தனக்காகத்தான் சொன்னாள். “எனக்குப் பயமாக் கிடக்கு. முந்தி ரெண்டு முறையும் நான் ஏதும் பிழையாச் செய்தனோ எண்டு யோசிச்சு யோசிச்சுக் கிடந்தனான். இந்த முறை தண்ணி மட்டும்தானே மாமா குடிச்சனான்?”

நமசிவாயம் சோற்றைக் குனிந்து பார்த்தார்.

“போய்ப் படு பிள்ளை” என்றார்.

மறுநாள் காலையில் சந்தியடியில் இரண்டு மெசின்கள் இரைந்தன. மூடியைப் பூட்டுத் திறந்து கழற்றி ஒரு பக்கம் சாய்த்து, வலையையும் சுருட்டி வைத்திருந்தார்கள். தடித்த குழாய்களால் தண்ணீர் வாய்க்காலில் விழுந்து பக்கத்து வெங்காயத் தோட்டத் தறைக்கு ஓடியது. கேதீஸ்வரி வாய்க்காலில் கால் வைக்காமல் தாண்டிப் போனாள். நேற்றுவரை அதைக் குடித்தவள்.

கீர்த்திகாவை வரவேண்டாம் என்று மயூரதன் சொல்லியிருந்தான். அவள் வந்தாள். நிவேதனா அவளைக் கதிரையில் இருத்தி, தலைக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நீர்மட்டம் இறங்க இறங்கச் சுண்ணாம்புக்கல் சுவர் தெரிந்தது. மேலே வெளிர் நிறம். கீழே போகப் போகக் கறுத்தது. நிவேதனா குடையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். ஒரு போத்தலைக் கயிற்றில் இறக்கித் தண்ணீர் எடுத்து வெயிலுக்குப் பிடித்தாள். மெல்லிய தேத்தண்ணீர் நிறம்.

“ஏதோ ஊறித்தான் கிடக்கு” என்றாள்.

“மேலை குழாயிலை வரேக்கை இந்த நிறம் இல்லையே?” என்றான் மயூரதன்.

“நிறத்தைக் குளோரின் வெளுத்திடும் அத்தான். அந்த வேலையிலைதான் குளோரின் முழுக்க முடியுது.”

சிவரூபன் மயூரதனின் தோளில் தட்டினார். “சரி தம்பி, இறங்கு. கொண்டுவந்து ஊருக்குக் காட்டு.”

மயூரதன் சேட்டைக் கழற்றினான். இடுப்பில் கயிற்றைக் கட்டினான். முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. சுவரில் பதித்த இரும்புப் படியில் ஒரு காலை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். நேற்றுக் காலையிலிருந்து முதல் தடவையாக அவளுடைய வயிற்றைப் பார்த்தான்.

“மெசினை நிப்பாட்டுங்கோ” என்றார் நமசிவாயம்.

இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் தானே போய் ஒரு மெசினை நிறுத்தினார். மற்றதையும் நிறுத்தினார். வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து ஓடி நின்றது. கிணற்றுக்குள் எங்கோ ஊற்று சொட்டும் சத்தம் வந்தது.

“நீ மேலை வா, மயூரன்.”

“ஏன் ஐயா?”

“அடியிலை கிடக்கிறதுக்கு நீ பதில் சொல்லத் தேவையில்லை.”

“அப்ப ஆர் சொல்லுறது?” என்றார் சிவரூபன்.

நமசிவாயம் அவரைப் பார்க்கவில்லை. மகனையும் பார்க்கவில்லை. குடையின் நிழலில் இருந்த கீர்த்திகாவுக்கு முன்னால் போய் நின்றார். தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

“பிள்ளை, உன்ரை மாமி பூரணம் இவனைச் சுமக்கேக்கை நாங்கள் இடம்பெயந்து தென்மராட்சியிலை இருந்தனாங்கள். அங்கை கிணறு உவர். அவவாலை ஒரு வாய் குடிக்கேலாது. குடிச்ச உடனை சத்தி. உன்னை மாதிரித்தான். அந்த வீட்டுக்காரர்தான் உவரை மாத்த வழி சொன்னவர். அது மாதிரிச் செய்தன். நாலு நாளிலை தண்ணி இனிச்சுது. அவ குடிச்சவ. இவன் சுகமாப் பிறந்தவன்.”

அவர் நிறுத்தினார். கீர்த்திகாவின் கை வயிற்றில் இருந்தது. அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலையில் அவர் அவளுடைய தொண்டையைப் பார்த்தது போல.

“நீ ஆசுப்பத்திரியிலை ஊசி குத்தின கையோடை கிடக்கேக்கை எனக்கு வேறை ஒண்டும் தெரியேல்லை. அப்ப கிணத்திலை குளோரின் இல்லை. இப்ப இருக்கு. அது ரெண்டும் சேரக் கூடாதெண்டு ஆர் கண்டது?”

“ஐயா…” மயூரதனின் ஒரு கால் இன்னும் இரும்புப் படியிலேயே இருந்தது.

நமசிவாயம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“உள்ளை கிடக்கிறது எங்கடை வளவு நெல்லி. தறிச்சு, வெங்காயப் பையிலை போட்டு, கல்லுக் கட்டி, குசினித் திறப்பாலை மூடியைத் திறந்து நான்தான் இறக்கினனான். மணம் போச்சுது. இவன் குளோரினைக் கூட்டினான். திருப்பி மணம் வந்துது. நான் நெல்லியைக் கூட்டினனான்.”